கரிக்கோட்டுத் தேர்

மலேசியாவில் காப்பார் ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயத்து முன்நடையான அஞ்சடி சிமெண்டுத் தரை. சாயங்காலம் தாத்தா குளித்துத் திருநீறு பூசிவிட்டு அங்கே குந்துவார். எத்தனை சோப்பு போட்டாலும் கையில் கித்தாப் பால் வாடை போகாது. அடுப்புக்கரியால் கட்டம் போட ஆரம்பிப்பார். மேல் தட்டில் மூன்று, அடுத்து ஐந்து, பிறகு ஏழு. தட்டு அகல அகல நான் பின்னால் நகர வேண்டும். பதின்மூன்று கட்டத் தட்டு வரும்போது அஞ்சடி பூராவும் தேர் நிற்கும். அதை மிதித்தால் பாட்டிக்கும் திட்டு விழும்.

எழுகூற்றிருக்கை அது. ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று. அப்புறம் மூன்று வரை ஏறி ஒன்றுக்கு இறக்கம். இப்படியே ஏழு வரை. எண்ணைக் குறிக்கும் சொல் அந்தந்தக் கட்டத்தில் போய் உட்காரும். சம்பந்தர் சீர்காழிக்குப் பாடினார், திருமங்கையாழ்வார் குடந்தைக்கு, அருணகிரிநாதர் சுவாமிமலைக்கு. தாத்தாவுக்கு அருணகிரிதான். "விரல வச்சி ஏறு தம்பி, வாயி தானா வரும்" என்பார். வந்தது. பொருள் துளியும் புரியாத வயதிலேயே எங்கே ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது.

சில நாள் இரட்டை நாகபந்தம். பாம்புகள் பின்னிக் குறுக்கிடும் இடத்தில் ஒரே எழுத்து இரண்டு பாட்டுக்கும் பொதுவாக நிற்க வேண்டும். அன்றைக்கு ராத்திரி நான் வெளிக்குப் போக மாட்டேன். தோட்டத்தில் நிஜப் பாம்புக்கும் பஞ்சமில்லை.

பட்டணத்துக்குப் போனால் பலகைகளில் ஜாவி, அதாவது அரபு வடிவில் எழுதும் மலாய் எழுத்து, வளைந்து நெளிந்து கிடக்கும். "இதுவும் பந்தமா தாத்தா?" என்று கேட்டேன். "அது அவங்க தேரு" என்றார். அல்ஜீரியக் கலைஞர் ரஷீத் குரைஷி, பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் கவிதைகளை அரபு எழுத்தும் கோடுமாகச் செதுக்கி அச்சிட்ட படைப்புகளைப் பற்றி வெகுகாலம் கழித்துப் படித்தபோது, தாத்தா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று பட்டது.

தேரும் பாம்புமாக இப்படிப் படத்தில் அமையும் சித்திரக்கவியைச் சொல் கழைக்கூத்து என்று ஒதுக்கிய புலவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தண்டியலங்காரம் இதற்கு இலக்கணம் வகுத்தது. பரிதிமாற் கலைஞர் தனி விளக்க நூலே எழுதினார். பாட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிய அலங்காரப் படம் இல்லை இது. படம்தான் பாட்டைப் படிக்கும் வழி. கோட்டை அழித்தால் பாதிப் பாட்டு போய்விடும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, ஓவிய நேரத்தில் ஒரு தடவையாவது பிள்ளைகளை அந்தத் தேரை வரைய விடுங்கள். பொருளை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.