எங்கள் வீட்டுப் புகைக்கூடு

2021 ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். மழை விடாமல் பெய்த ஒரு பின்னேரம், புட்டு அவிப்பதற்காக அடுப்பை மூட்டிவிட்டு மா குழைத்துக் கொண்டிருந்தேன். விறகு ஈரம். புகைந்ததே தவிர எரியவில்லை. பொறுமை இழந்து காய்ந்த பன்னாடையும் நாலைந்து ஊமலும் சேர்த்துப் போட்டேன். நெருப்பு ஒரேயடியாக மேலே எழும்பியது. கொஞ்ச நேரத்தில் புகைக்கூட்டுக்குள் ஓர் இரைச்சல் கேட்டது. காற்று என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அது கூடிக்கூடி வந்தது.

விறாந்தையில் இருந்த அம்மா “கிபிர், கிபிர்” என்று கத்தியபடி என் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினார். சண்டை முடிந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. நானும் வெளியே ஓடிப் பார்த்தேன். புகைக்கூட்டின் உச்சியில் நெருப்பு நாக்கு நீட்டி எரிந்தது. பொறிகள் பக்கத்து வளவு மாமியின் கிடுகுக் கொட்டிலில் விழுந்து கொண்டிருந்தன. கிடுகு மழையில் ஊறி இருந்தபடியால் தப்பியது.

அந்தப் பதற்றத்தில் நான் ஒரு பிழை செய்தேன். ஒரு வாளித் தண்ணீரைப் புகைக்கூட்டின் வாய்க்குள் வீசினேன். சுடுநீராவி முகத்தில் அடித்தது. உள்ளே ‘படீர்’ என்று சத்தம் கேட்டது. அதற்குள் ஓடிவந்த மாமி, “தண்ணி ஊத்தாதை பிள்ளை, காத்தை அடை” என்று சொல்லி, விறகை வெளியே இழுத்து மண்ணைப் போட்டார். இரண்டு பேருமாக ஈரச்சாக்கைப் பிடித்து அடுப்பின் முன்பக்கத்தை மூடினோம். கால் மணித்தியாலத்தில் இரைச்சல் அடங்கியது. விடிந்து பார்த்தபோது உட்பூச்சு ஒரு முழ நீளத்துக்கு வெடித்திருந்தது.

எங்களுடையது 2013 இல் வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. அத்திவாரம் எவ்வளவு ஆழம், சீமெந்துக்கு மணல் எவ்வளவு என்றெல்லாம் வந்து சொல்லித் தந்தார்கள். புகைக்கூட்டைத் துப்புரவாக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. எட்டு வருடமாக நானும் அதை அண்ணாந்து பார்த்ததில்லை. பழைய வீட்டில் பொங்கலுக்கு முன் ஐயாதான் அதைச் செய்வார். அது ஆண்களின் வேலை என்று இருந்துவிட்டேன். 2009 க்குப் பிறகு எங்கள் வீட்டில் ஏணி ஏற ஆண் துணை இல்லை.

கனடாவில் இருக்கும் சித்தியின் மகனுக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். அவன் வீட்டிலும் குளிருக்கு விறகு அடுப்பு எரிக்கிறார்கள். “அக்கா, அது வெறும் கரியில்லை. கிரியோசோட். எரியாமல் போன விறகுதான் அது” என்றான். குளிர் தொடங்குவதற்கு முன் ஆள் பிடித்து அதைச் சுரண்டி எடுத்துவிடுவானாம்.

அவன் விளக்கியதை எங்கள் குசினிப் பாசையில் சொல்கிறேன். சோற்றுப் பானையின் மூடியில் ஆவி பட்டுத் துளியாக நிற்கிறதல்லவா, அதுபோல்தான். பச்சை விறகின் நிறையில் பாதி வரைகூடத் தண்ணீர் இருக்கலாம். நெருப்பின் சூடு அந்தத் தண்ணீரை வற்ற வைப்பதிலேயே போய்விடும். விறகிலிருந்து கிளம்பும் வாயுக்கள் எரியாமல் புகையாக மேலே போகும். குளிர்ந்த சுவரில் பட்டதும் அந்தப் புகை கீல் போல ஒட்டிக்கொள்ளும். முதலில் பொடிக்கரி, பிறகு மொறுமொறுப்பான பொருக்கு, கடைசியில் கண்ணாடி மாதிரி மினுங்கும் கறுப்புப் பூச்சு. நல்ல சுவாலை மேலே போனால் இதுவே பற்றும். நான் வேறொன்றும் செய்திருந்தேன். மழைச்சாரல் அடிக்கிறது என்று உச்சியில் இருந்த நான்கு வாய்களில் இரண்டைத் தகரத்தால் அடைத்திருந்தேன். புகை வேகமாகப் போக வழியில்லை.

அடுத்த கிழமை மழை விட்டதும் நானே இறங்கினேன். “பொம்பிளை ஏணியிலை ஏறி நிண்டால் சனம் என்ன சொல்லும்?” என்று கேட்டவர்களும் இருந்தார்கள். மாமிதான் ஏணியைப் பிடித்தார். அதற்கு முதல்நாள் முழுவதும் அடுப்பை மூட்டாமல், முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சமைத்தோம். தம்பியின் பழைய நீட்டுக்கைச் சேட்டு, தலைக்குத் துணி, கொரோனாவுக்கு வாங்கி மிச்சமாய்க் கிடந்த முகக்கவசம், இவ்வளவும் போட்டுக்கொண்டேன். உடம்பை மூடுவது வீண் வேலை இல்லை. இலண்டனில் புகைக்கூடு துப்புரவாக்கிய சிறுவர்களுக்குப் பின்னாளில் தோற் புற்றுநோய் வருவதற்குக் கரிதான் காரணம் என்று பேர்சிவல் பொட் என்ற வைத்தியர் 1775 இலேயே எழுதியிருக்கிறார்.

நீண்ட மூங்கில் தடியின் நுனியில் பனந்தும்பைக் கற்றையாக இறுக்கிக் கட்டினேன். மேலேயிருந்து விட்டு ஏற்றி இறக்கியதும் பொடியும் பொருக்கும் கொட்டின. மினுங்கும் பூச்சுக்குத் தும்பு போதவில்லை. மேசனிடம் கேட்டு வாங்கிய பழைய சாந்தகப்பையைத் தடியில் கட்டிச் சுரண்டினேன். கை உளைந்து இரண்டு தரம் இறங்கி இருந்தேன். முடிந்தபோது ஒன்றரைச் சாக்குக் கரி. சாம்பல் என்றால் மரக்கறிப் பாத்திக்குப் போடுவோம், இதைப் போட மனம் வரவில்லை. வேலியோரம் கிடங்கு வெட்டிப் புதைத்தேன். தகரம் இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு, வெடிப்புக்குச் சாந்து பூசினேன். காய்ந்த பிறகுதான் அடுப்பு மூட்டினேன்.

அன்று புகை நேரே மேலே போனது. அதற்கு முன் குசினிக்குள் திரும்பி வந்த புகையை எல்லாம் நானும் அம்மாவும்தான் குடித்திருக்கிறோம். அம்மாவின் இருமலுக்கு வயதுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். இருமல் முற்றாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இரவில் எழும்பி இருந்து இருமுவது குறைந்தது. வீட்டுக்குள் எரிக்கும் அடுப்புப் புகையால் 2020 இல் மட்டும் உலகத்தில் 32 இலட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அடுப்படியில் நிற்பவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இப்போது விறகை வைகாசி, ஆனியிலேயே பிளந்து, தாழ்வாரத்தில் காற்றுப் படும்படி அடுக்கிவிடுகிறேன். இரண்டு கொள்ளியை ஒன்றோடொன்று தட்டினால் ‘டக்’ என்று கணீரென்ற சத்தம் வரவேண்டும். நுனியில் வெடிப்புத் தெரியவேண்டும். மந்தமாகச் சத்தம் வந்தால் அது இன்னும் ஈரம். மாரியில் அடுத்த நாளுக்கு வேண்டிய விறகை முதல்நாள் இரவே அடுப்புக்கு எட்டத்தில் சாத்தி வைப்பேன். ஒட்ட வைத்துவிட்டுப் படுக்கப் போவதில்லை.

2022 இல் கேஸ் தட்டுப்பாடு வந்தபோது, மூன்றாம் வீட்டு ரீச்சரும் விறகுக்குத் திரும்பினார். அவருடைய புகைக்கூட்டுக்குள் ரோச் அடித்துப் பார்த்தேன். எங்களுடையதைவிட மோசம். மாமி ஏணியைப் பிடிக்க, ரீச்சரே ஏறினார். நான் கீழே நின்று கரியை அள்ளினேன். போன தைக்கு எங்கள் வீட்டில் அரை வாளிதான் வந்தது. தடி இப்போது ரீச்சர் வீட்டில் நிற்கிறது. தும்பு தேய்ந்துவிட்டதாம், புதிதாகக் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.