கோடிக்கரைக்கு ஒரு பஸ்!

தஞ்சாவூர்க்காரர்கள் டூரிஸ்ட் பஸ் பிடித்தால் பழனி, திருப்பதி, வேளாங்கண்ணி என்று கோயில் குளத்துக்குத்தான் வண்டி திரும்பும். 'காட்டைப் பார்க்கணும்' என்று வீட்டில் யாராவது வாய் திறந்தால், உடனே முதுமலைக்கு பட்ஜெட் போட ஆரம்பித்துவிடுவோம். நம்ம நெல் வயல்கள் முடிகிற இடத்திலேயே ஒரு காடு இருப்பது ஞாபகமே வராது!

அதுதான் கோடியக்கரை. பேச்சில் கோடிக்கரை. தஞ்சையிலிருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாக சுமார் 110 கிலோமீட்டர். மார்கழியில் போனால் வழி நெடுக சம்பா பயிர் பச்சைப் பட்டு விரித்திருக்கும். திருத்துறைப்பூண்டி தாண்டியதும் மெல்ல காற்றில் உப்பு வாடை. வேதாரண்யம் வந்தால் வயலுக்குப் பதில் பாத்திகட்டிய உப்பளம். வெள்ளை வெளேரென்று குவியல் குவியலாக உப்பு.

இந்த வழியில் போன புகழ்பெற்ற 'குரூப் டூர்' ஒன்று உண்டு. 1930 ஏப்ரல் 13-ம் தேதி ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடந்தே கிளம்பினார்கள். தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி வழியாக 28-ம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். இவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று கலெக்டர் தார்ன் மிரட்ட, ஊர் ஜனங்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டி வைத்தார்களாம். 30-ம் தேதி உப்பு அள்ளிய ராஜாஜி கைதானார்.

போன மார்கழியில் எங்கள் தெருவாசிகள் ஐம்பது பேர் போனபோது இந்தக் கதையைச் சொன்னேன். பின் சீட்டு மாமா உருகிப்போய்க் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தம்பி, காபிக்கு எங்கே நிறுத்துறாங்க?" என்றார்.

காட்டுக்குள் நுழையும்போது பஸ்ஸில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. வாட்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மான் இருக்காங்க?"

"இருக்குங்க. ஆனா உங்க பாட்டு வேதாரண்யத்துலேயே கேட்டுடுச்சு. அதுங்க உள்ளே போயாச்சு!"

பாட்டு நின்றது. கால் மணி நேரம் கழித்து, புல்வெளியின் ஓரத்தில் முறுக்குக் கொம்போடு ஒரு கறுத்த கிடா தலை தூக்கியது. வெளிமான்! பின்னாலேயே கொம்பில்லாத பெட்டைகள். ஐம்பது பேரும் மூச்சு விடவில்லை. காபி மாமா உட்பட.

1967-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அந்தஸ்து 2002-ல் கிடைத்தது. ஐப்பசி, கார்த்திகையில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கும். பூநாரைக் கூட்டம் சேற்று நீரில் தலைகீழாக அலகை விட்டுத் துழாவுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பறவை மனிதர் சாலிம் அலி தேடி வந்த இடம்.

ஆனால் காடு சுகமாக இல்லை. 2018 நவம்பர் 16-ம் தேதி வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் மரங்களை முறித்துப்போட்டது. மான்கள் பல மாண்டன. புல் முளைக்க வேண்டிய இடத்தை சீமைக்கருவேலம் பிடித்துக்கொள்கிறது. இருக்கிற புல்லுக்கும், ஊர்க் குதிரைகள் காட்டுக் குதிரைகளாகிப் பங்கு கேட்கின்றன.

இந்த நிலையில் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் பஸ் பஸ்ஸாக ஜனம் வருகிறது. ஆதிசேதுக் கடலில் முழுக்குப் போட்டு, தர்ப்பணம் முடித்துத் திரும்புகிறார்கள். முன்னோர்களுக்கு எள்ளும் தண்ணீரும் சரி. காட்டுக்கு நாம் விட்டுவிட்டு வருவது? பாலிதீன் பையும் பிளாஸ்டிக் பாட்டிலும்!

அதற்காகப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. ஜனங்கள் பார்க்காத காட்டுக்காகப் பரிந்து பேச ஆளிருக்காது. பார்க்கிற முறையில் பார்க்கலாமே! பெரிய பஸ்ஸை வேதாரண்யத்திலேயே நிறுத்துங்கள். பத்துப் பத்துப் பேராக, விடிந்ததும் போங்கள். பாட்டு வேண்டாம், தீனி வேண்டாம். கொண்டுபோன பாட்டில் கூடவே திரும்பி வரட்டும். திருத்துறைப்பூண்டி-அகஸ்தியம்பள்ளி ரயிலும் 2023-லிருந்து அகலப் பாதையில் ஓடுகிறது. பஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதில் வரலாம்.

திரும்பும்போது வேதாரண்யத்தில் ஒரு பை உப்பு வாங்கிக்கொள்ளுங்கள். நூறு பேர் பதினைந்து நாள் நடந்து வந்து அள்ளிய உப்பு. சாம்பாரில் கொஞ்சம் கூடிப்போனாலும் வீட்டில் யாரும் முணுமுணுக்கக் கூடாது!