பெயர் சொல்லாத அறை

செம்பூரில் மூன்று நட்சத்திர ஓட்டல் ஒன்று. புறநகர் இரயில் நிலையத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்குள். விருந்தினர் மதிப்பீடு ஐந்துக்கு 4.1. காலை உணவு உண்டு. நீச்சல் குளம் இல்லை. ஓரிரவுக்கு 1,950 ரூபாய். ஓட்டலின் பெயர் மட்டும் இல்லை. பணம் கட்டிய பிறகுதான் அது தெரியவரும்; கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திரும்பாது.

தேவனாரில் நடைபெறவிருந்த கருத்தரங்கு ஒன்றில் கட்டுரை வாசிப்பதற்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து மும்பைக்குப் புறப்படவிருந்த மொழியியல் ஆய்வு மாணவி ஒருத்தி, தள்ளுபடித் தளம் ஒன்றில் இந்த ஐந்தாறு வரிகளை இரவு வெகுநேரம் வாசித்துக்கொண்டிருந்தாள். இரண்டு இரவுக்கு அவளால் ஒதுக்க முடிந்தது நாலாயிரம் ரூபாய். பயணப்படி என்பது போய்த் திரும்பி, ரசீதுகளை ஒட்டிக் கொடுத்து, பல மாதம் காத்திருந்து பெறுவது என்பதை ஆய்வாளர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெயர் தெரிந்த ஓட்டல்கள் எல்லாம் மூவாயிரத்துக்கு மேல் நின்றன. பெயர் மறைந்ததும் விலை இறங்கியது.

இந்த வணிகமுறைக்கு வயது கால் நூற்றாண்டுக்கு மேல். 1998 ஏப்ரலில் அமெரிக்காவில் ஜே வாக்கர் தொடங்கிய பிரைஸ்லைன் நிறுவனம், ‘உங்கள் விலையை நீங்களே சொல்லுங்கள்’ என்று அழைத்தது. பயணி நகரத்தின் எந்தப் பகுதி, எத்தனை நட்சத்திரம், எவ்வளவு தருவேன் என்று எழுதி, கடனட்டை எண்ணையும் கொடுத்துவிட வேண்டும். ஏதேனும் ஓர் ஓட்டல் அந்த விலைக்கு இசைந்தால் அக்கணமே பணம் பிடிக்கப்படும்; எந்த ஓட்டல் என்பது அதன் பிறகே தெரியும். இசையாவிட்டால் உடனே மறுபடி கேட்க முடியாது. ஒரு நாள் பொறுக்க வேண்டும், அல்லது பகுதியையோ நட்சத்திரத்தையோ மாற்ற வேண்டும். பயணிகள் இதிலும் ஒரு வழி கண்டார்கள். நான்கு நட்சத்திர ஓட்டலே இல்லாத பகுதி ஒன்றைத் தங்கள் கோரிக்கையில் சேர்ப்பார்கள். நிபந்தனை மாறியதாகக் கணக்காகும். கிடைக்கக்கூடிய ஓட்டல்களோ பழையவையேதான். காத்திருக்காமலே மறுகேள்வி கேட்கும் உரிமை கிடைத்துவிடும். 2016இல் விமானச் சீட்டுகளுக்கு இந்த ஏலமுறையை அந்நிறுவனம் கைவிட்டது. ஓட்டல் அறைகளுக்கும் பின்னர் நின்றுபோனது. பெயரை மறைத்து விற்கும் பாதி மட்டும், ‘இரகசியச் சலுகை’ என்பது போன்ற பெயர்களில், வெவ்வேறு தளங்களில் எஞ்சியிருக்கிறது.

ஓட்டல் ஏன் தன் பெயரை மறைக்க வேண்டும்? இன்றிரவு விற்காத அறையை நாளைக்குச் சேமித்து வைக்க முடியாது, பூக்கடைக்காரரின் நிலைதான். ஆனால் மூவாயிரத்து நூறு என்று ஊரறியப் போட்ட விலையை ஊரறிய இறக்கினால், முழு விலை கொடுத்தவர் கோபிப்பார், அடுத்த முறை வருபவர் பேரம் பேசுவார். போதாக்குறைக்கு, பெரிய முன்பதிவுத் தளங்கள் தங்களிடம் தருவதைவிடக் குறைந்த விலைக்கு வேறெங்கும் விற்கக் கூடாது என்று ஓட்டல்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களும் உண்டு. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப்–கோஐபிபோ மீது 223.48 கோடி ரூபாயும் ஓயோ மீது 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்த வழக்கில், மேக்மைட்ரிப் தரப்பின் இத்தகைய நிபந்தனைகளும் விசாரணைப் பொருளாக இருந்தன. பெயரோடு விலையை இறக்க முடியாதவன் பெயரைக் கழற்றிவிட்டு இறக்குகிறான்.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அங்கே தரகர்கள் துண்டுக்கடியில் கையைக் கோத்து, விரல்களைத் தொட்டு விலை பேசுவார்கள். மாடு வெயிலில் எல்லார் கண்ணுக்கும் நிற்கும். விலை மட்டும் துண்டுக்குள். தள்ளுபடித் தளத்தில் விலை வெயிலில் நிற்கிறது. மாட்டின் மேல் துண்டு கிடக்கிறது.

இலக்கணம் படித்தவளுக்கு வேறொன்றும் தோன்றியது. ‘பொற்றொடி வந்தாள்’ என்றால் தொடி வரவில்லை. தொடியை அணிந்தவள் வந்தாள். சொல்லுக்கு வெளியே நிற்கும் ஒருத்தியை அவளுடைய அடையாளம் ஒன்றால் சுட்டுவதை அன்மொழித்தொகை என்கிறோம். ‘செம்பூர் மூன்று நட்சத்திரம் காலியாக இருக்கிறது’ என்பதும் அப்படிப்பட்டதே. ஆனால் பொற்றொடியைக் கேட்பவருக்கு அவள் யாரென்று பெரும்பாலும் தெரிந்திருக்கும். இங்கே தெரியாமலிருப்பதற்குத்தான் தள்ளுபடி.

அவள் துண்டை விலக்கிப் பார்க்க முயன்றாள். ஒலியன்களைக் கூறுபடுத்தும் வேறுபடுத்து பண்புகளைப் போல, தாளில் கட்டம் போட்டுக் கூட்டல் கழித்தல் குறிகள் இட்டாள். காலை உணவு: கூட்டல். நீச்சல் குளம்: கழித்தல். வாகன நிறுத்தம்: கூட்டல். துணி வெளுப்பு: கூட்டல். உணவகம்: கழித்தல். அதே தளத்தின் வெளிப்படையான பட்டியலில் செம்பூரின் மூன்று நட்சத்திர ஓட்டல்களையெல்லாம் வரிசையாக எழுதி, ஒத்துவராதவற்றை அடித்தாள். நான்கு மிஞ்சின, பிறகு இரண்டு. அந்த இரண்டும் எல்லாப் பண்பிலும் ஒத்திருந்தன, மின்தூக்கி ஒன்றைத் தவிர. ஒரே பண்பில் வேறுபடும் இணை. முதலாண்டு வகுப்பில் ‘பல்–கல்’ என்று எழுதிக் காட்டப்பட்டது நள்ளிரவில் இரண்டாயிரம் ரூபாயைக் காப்பாற்றப் பயன்படும் என்று எந்த ஆசிரியரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார். பணத்தைக் கட்டினாள். ஊகம் சரியாக இருந்தது.

மறுநாள் காலை தாராவியிலிருந்து பெரியப்பா பேசினார்.

“ஏளா, வீடு இருக்கும்போது லாட்ஜு எதுக்கு?”

“இல்ல பெரியப்பா, ராத்திரி உக்காந்து எழுதணும். லைட்டு போட்டா உங்களுக்கெல்லாம் தூக்கம் கெடும்.”

அது உண்மைதான், முழு உண்மை அன்று. பத்துக்குப் பதினைந்தடி வீட்டில் ஆறு பேர் இருந்தார்கள். காலையில் பொதுக் கழிப்பறை வரிசையில் நின்றுவிட்டுக் கருத்தரங்கு மேடைக்குப் போக அவளுக்குத் தயக்கம். தயக்கத்தைச் சொல்ல வெட்கம். பெரியப்பாவுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். “எத்தன ரூவா?” என்று மட்டும் கேட்டார்.

அவள் அறை தேடிய தளத்தின் பகுதிப் பட்டியலில் செம்பூர் இருந்தது, பாந்த்ரா–குர்லா வளாகம் இருந்தது, தாராவி இல்லை. மித்தி ஆற்றின் ஒரு கரையில் அந்த வளாகமும் மறு கரையில் தாராவியும் இருக்கின்றன. ஒரு கரைக்கு ஓட்டல் வரைபடத்தில் பெயர் உண்டு.

ஆனால் தங்குமிடம் என்ற வகையில் தாராவிக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தனியாக வந்த ஆண்களுக்கு அங்கே ‘பொங்கல் வீடு’ என்றொன்று இருந்தது. ஓர் ஊர்க்காரர்கள் சேர்ந்து எடுத்த நீண்ட அறை. சுவரோரம் வரிசையாகத் தகரப் பெட்டிகள், இரவில் பாய்கள், பொதுச் சமையல். இரவுப் பணிக்காரன் எழுந்து போன பாயில் பகல் பணிக்காரன் படுப்பான். தோபி தலாவ் பக்கம் கோவாக்காரர்கள் தத்தம் கிராமத்தின் பெயரால் நடத்திய ‘கூட்’ என்ற சங்க வீடுகளும் இதே அமைப்புத்தான். கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் பெட்டியை அங்கே வைத்துவிட்டுப் போவார்கள். மாட்டுங்காவில் குமாஸ்தாக்களுக்குச் சோறு போட்ட இடங்களில் ஒன்றான இராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942இல் தொடங்கி இன்றும் இலை போடுகிறது. அங்கே பணம் கொடுத்தால் யாரும் உண்ணலாம். பொங்கல் வீட்டில் அப்படியன்று. அங்கே செல்லுபடியான நாணயம் ஊர்ப் பெயர். இரயிலிலிருந்து இறங்கியவன் ஊரைச் சொன்னால் பாய் கிடைக்கும், வேலை கிடைத்த பின் வாடகை கொடுத்தால் போதும்.

இந்த ஏற்பாட்டைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நெகிழ்ந்து நிறுத்திக்கொள்கிறார்கள்.

பெரியப்பா 1982இல், பம்பாயின் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த ஆண்டில், தாதரில் வந்து இறங்கினார். வயது பதினெட்டு. ஊர்க்காரர்களின் பொங்கல் வீட்டு முகவரி எழுதிய தாள் சட்டைப் பையில் இருந்தது. வாசலில் இருந்த பெரியவர் ஊர்ப் பெயரைக் கேட்டதும் மலர்ந்தார்; “ஊர்ல எந்தப் பக்கம்?” என்று கேட்டார். பெரியப்பா சொன்னார். பெரியவர் கடுஞ்சொல் எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று விசாரித்தார், தண்ணீர் கொடுத்தார், இடம் நிறைந்துவிட்டது என்றார். பின்னால் திறந்த கதவு வழியே நான்கைந்து பாய்கள் சுருட்டி நிறுத்தியிருந்தது பெரியப்பாவுக்குத் தெரிந்தது. அன்றிரவும் அதன் பின் இரண்டு மாதமும் தோல் கிடங்கு ஒன்றின் பரணில், உப்பிட்ட தோல்களுக்கு மேலே படுத்தார். அந்த வாசம் தலைமுடியிலிருந்து போக ஓராண்டு ஆனது என்பார்.

‘எந்தப் பக்கம்’ என்ற வினா திசையைக் கேட்பதன்று என்பது தமிழ் பேசும் எவருக்கும் தெரியும். அகராதிப் பொருளுக்கும் பயன்பாட்டுப் பொருளுக்கும் இடையிலான தொலைவை விளக்க, அயல்மொழிப் பாடநூல்களின் தேநீர் விருந்து எடுத்துக்காட்டுகளைவிட இது பொருத்தமானது. தள்ளுபடித் தளம் அதைக் கேட்கவில்லை. அது கேட்டவை தேதி, ஆள் எண்ணிக்கை, அட்டை எண். விடுதி உரிமையாளர் தன் பெயரை மறைத்தபோது வருபவரின் பெயரையும் தெரியாமலே விலைக்கு இசைந்தார். பெண்ணொருத்தி தனியாக வருகிறாள் என்பதுகூட அவருக்குத் தெரியாது. பொங்கல் வீட்டில் எந்தப் பக்கத்துப் பெண்ணுக்கும் பாய் கிடையாது.

முன்பதிவில் கிடைக்கும் இந்தப் பெயரின்மை வரவேற்பு மேசைவரைதான் நீடிக்கும். செம்பூர் ஓட்டலில் ஆதார் அட்டையை வாங்கி நகலெடுத்தார்கள். மேசையில் இருந்த இளைஞர் முகவரியை வாசித்துவிட்டுத் தமிழில் பேசினார். அவருடைய தாத்தாவும் அந்தப் பக்கமாம். “தின்னவேலில எங்க?” என்றார். அவள் வட்டத்தின் பெயரைச் சொன்னாள். அடுத்த வினாவுக்காக ஒரு கணம் நின்றாள். தொலைபேசி மணி அடித்தது. இளைஞர் சாவியட்டையை நீட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அவர் என்ன கேட்டிருப்பார் என்பது கடைசிவரை தெரியவில்லை. ஒருவேளை ஒன்றுமே கேட்டிருக்க மாட்டார்.

(அறைக்கான ரசீது ஓட்டலில் கிடைக்கவில்லை. பணம் தளத்துக்குப் போனதால் தளம்தான் தர வேண்டுமாம். தளம் தந்த தாளில் ஓட்டலின் முத்திரை இல்லை என்று பல்கலைக்கழக அலுவலகம் பின்னர் திருப்பி அனுப்பியது. இந்த முறையில் அறை எடுக்க நினைக்கும் ஆய்வு மாணவர்கள் இதை முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.)

இரண்டாம் நாள் மாலை பெரியப்பா தூக்குவாளியில் மீன்குழம்பும் சோறும் கொண்டுவந்தார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் மேலே விட்டார்கள். நாற்காலி இருந்தும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, உள்ளங்கையால் விரிப்பைத் தடவிப் பார்த்தார். விலை போட்ட கதையை அவள் சொல்லச் சொல்லச் சிரித்தார்.

“அப்போ பேரு தெரியாமத்தான் துட்டு கட்டிருக்க?”

“ஆமா பெரியப்பா.”

“அவனுக்கும் ஒம்பேரு தெரியாது?”

“வந்தப்புறம்தான் கேட்டாங்க.”

“துட்டு வாங்கினதுக்குப் பொறவு.”

“ஆமா.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சாவியட்டை செருகியிருந்த காகித உறையை எடுத்து, அதில் அச்சிட்டிருந்த ஓட்டலின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். வீட்டில் காட்ட வேண்டும், இதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அவள் அட்டையை உருவிக்கொண்டு உறையைக் கொடுத்தாள். அவர் அதை நான்காக மடிக்காமல், நீளவாக்கில் ஒருமுறை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.