பஞ்சாங்கம் இல்லாத உலகம்

நாவலைப் படித்துவிட்டு அதன் தொடரைப் பார்க்க உட்காருகிறவனை வீட்டில் ஒருவருக்கும் பிடிக்காது. ‘புத்தகத்தில் இப்படி இல்லை’ என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சொல்லி உயிரை வாங்குவான். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகவென்று சென்னையிலிருந்து ஊருக்கு வந்திருந்த மகள், போனை டி.வி.யோடு இணைக்கும்போதே நிபந்தனை போட்டுவிட்டாள். “அப்பா, ஒரு எபிசோடுக்கு ஒரு தடவைதான் வாயத் திறக்கணும்.”

தொடர், ‘த்ரீ பாடி பிராப்ளம்’. 2024 மார்ச் 21 அன்று எட்டுப் பகுதிகளையும் மொத்தமாக நெட்ஃபிளிக்ஸில் இறக்கிவிட்டார்கள். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ எடுத்த டேவிட் பெனியாஃபும் டி.பி. வைஸும் அலெக்சாண்டர் வூவோடு சேர்ந்து செய்தது. மூலம், சீன எழுத்தாளர் லியூ சிஷினின் நாவல். 2006இல் பத்திரிகைத் தொடராக வந்து, 2008இல் புத்தகமாகி, கென் லியூவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2015இல் ஹியூகோ விருது வாங்கியது. ஆசியாவிலிருந்து ஒரு நாவல் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் தடவை.

லியூ சிஷினை எனக்குப் பிடித்துப்போனதற்கு ஒரு காரணம் உண்டு. என் வயதுக்காரர்கள் பலரையும் போல எனக்கும் விஞ்ஞானக் கதைப் பைத்தியம் பிடித்தது சுஜாதாவால். ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாயால். சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதியவர். லியூ, ஷான்ஸி மாகாணத்தில் ஒரு மின் நிலையத்தில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதியவர். பகலெல்லாம் இயந்திரத்தோடு மாரடிக்கிறவர்கள் எழுதும் கதையில் நட்டும் போல்ட்டும் சரியாக முடுக்கியிருக்கும். எவ்வளவு பெரிய கற்பனைக்கும் அடியில் ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கணக்கைத் தொடர் குலைத்துவிடுமோ என்பதுதான் என் பயம்.

கதை தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். முதல் ஐந்து பகுதிகளில் நடப்பதைச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

முதல் காட்சி 1966. பெய்ஜிங் சிங்ஹுவா பல்கலைக்கழகம், கலாசாரப் புரட்சி. மேடையில் ஓர் இயற்பியல் பேராசிரியரை மண்டியிட வைத்திருக்கிறார்கள். கீழே கடல் போலக் கூட்டம், கோஷம். ஐன்ஸ்டைனின் சார்பியலைப் பாடம் நடத்தியது அவர் செய்த குற்றம். அவருடைய மனைவியும் இயற்பியல் படித்தவர். மேடையேறி அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறார். கடவுள் உண்டா என்று கேட்கிறார்கள். உண்டு என்பதற்கும் இல்லை என்பதற்கும் விஞ்ஞானத்திடம் சான்று இல்லை என்கிறார் பேராசிரியர். மீசை முளைக்காத பையன்களும் சடை போட்ட பெண்பிள்ளைகளும் சேர்ந்து அவரை அடித்தே கொல்கிறார்கள். கூட்டத்துக்குள் நின்று மகள் யே வென்ஜியே அதைப் பார்க்கிறாள்.

பேச்சு முழுக்கச் சீன மொழி. கீழே ஆங்கில எழுத்து ஓடுகிறது. கட்டிலில் சாய்ந்திருந்த என் அம்மாவுக்கு இரண்டும் தெரியாது. காட்சி முடியும் வரை பேசவில்லை. முடிந்ததும், “மேடையில ஏறுனவ அவனுக்குப் பொண்டாட்டியாடே?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “கெட்டுனவளே இப்படிச் சொன்னா, அப்புறம் அந்தப் பிள்ளைக்கு ஒலகத்துல யாரு இருக்கா?”

எனக்கு அனுமதித்திருந்த ஒரு தடவையை நான் இங்கே செலவழித்தேன். சீனப் பதிப்பில் இந்த அத்தியாயம் நாவலின் நடுவில் ஒளிந்திருக்கும். ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனபோதுதான், லியூவின் சம்மதத்தோடு கென் லியூ அதை முதலுக்கு நகர்த்தினார். லியூ ஆரம்பத்தில் நினைத்திருந்ததும் அந்த இடம்தானாம். தொடர்க்காரர்களும் அதிலேயே தொடங்கியிருக்கிறார்கள். அதற்காகவே பாதி மன்னிப்பு கொடுத்துவிட்டேன்.

அடுத்து, கதைக்குள் ஒரு விளையாட்டு. ஒயர் இல்லாத, பட்டன் இல்லாத, கண்ணாடி போலப் பளபளக்கும் ஒரு தலைக்கவசம். மாட்டிக்கொண்டால் வேறோர் உலகத்தில் நிற்கிறோம். அங்கே மூன்று சூரியன்கள்.

தலைப்பில் இருக்கும் சிக்கல் இதுதான். சூரியனும் பூமியும் என்று இரண்டே பொருள் இருந்தால், ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு எப்படிச் சுற்றும் என்பதை நியூட்டனின் விதிகளை வைத்துக் காகிதத்தில் எழுதிவிடலாம். மூன்றாவதாக ஒன்று சேர்ந்தால் எல்லா நிலைமைக்கும் பொருந்தும் சூத்திரம் என்று ஒன்று கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுக் கணித மேதை புவான்காரே இதில் இறங்கிப் பார்த்தார். தொடக்கத்தில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும், போகப் போகப் பாதை எங்கேயோ போய்விடும் என்று கண்டார்.

மகளுக்கு இதை நான் வேறு மாதிரி சொன்னேன். இந்த வருஷம் பங்குனி உத்திரம் என்றைக்கு என்பது போன வருஷமே பஞ்சாங்கத்தில் அச்சாகிவிட்டது. நமக்கு ஒரே ஒரு சூரியன் என்பதால் கிடைத்த சௌகரியம் அது. மூன்று சூரியன் உள்ள ஊரில் பஞ்சாங்கம் போட முடியாது. நாளைக்கு விடியுமா, விடிந்தால் ஊர் பொசுங்குமா என்பதையே சொல்ல முடியாது. அந்த உலகத்து ஜனங்கள் எதிர்காலத்தைக் கணிக்க ஏன் உயிரைக் கொடுக்கிறார்கள் என்பது அப்போது புரியும்.

கெட்ட காலம் வந்தால் அவர்கள் உடம்பிலுள்ள நீரையெல்லாம் வெளியேற்றித் தோலாகச் சுருங்கிவிடுகிறார்கள். பாய் போலச் சுருட்டி அடுக்கிவைத்துவிடலாம். நல்ல காலம் திரும்பியதும் தண்ணீரில் போட்டால் எழுந்துகொள்வார்கள். மகள் வாயைப் பிளந்து பார்த்தாள். மொட்டைமாடியில் மோர்மிளகாய் காய்ந்துகொண்டிருந்த மாதம் அது; அம்மாவுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. “வத்தல் போட்டு வச்சிருக்கான்” என்றாள்.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். நாவலில் சின் ஷி ஹுவாங் என்ற சீனப் பேரரசரின் 3 கோடி வீரர்கள் கொடியைத் தூக்கியும் இறக்கியும் ஒரு கம்ப்யூட்டராகவே மாறும் இடம் வரும். முதலில் மூன்றே வீரர்களை நிறுத்தி, இவன் தூக்கினால் அவன் தூக்க வேண்டும் என்று லியூ பொறுமையாகப் பாடம் எடுப்பார். அதற்காகச் சின்னப் பையனைப் போலக் காத்திருந்தேன். தொடரில் அது குப்லாய் கானின் அரண்மனைக்கு இடம் மாறி, வந்த வேகத்தில் போய்விடுகிறது. பிரம்மாண்டம் இருக்கிறது. முடுக்கிய நட்டைக் காணோம்.

இன்னொரு குறை, ஆட்கள். நாவலில் வாங் மியாவ் என்று ஒரே ஓர் ஆராய்ச்சியாளர், பெய்ஜிங்கில் தனியாக அலைவார். தொடரில் அந்த இடத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் ஒன்றாகப் படித்த ஐந்து நண்பர்கள். அவர்களில் சிலர், அடுத்த இரண்டு பாகங்களில் வரவேண்டியவர்கள், வேறு பெயரில் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மனித குலத்தின் தலையெழுத்து மொத்தமும் ஒரே கல்லூரிக் கூட்டாளிகள் கையில் எப்படி வந்து விழும்? கல்யாண வீட்டில் யாரைக் கேட்டாலும் யாருக்கோ சொந்தம் என்பது மாதிரி இருக்கிறது. இதைச் சொல்லி இரண்டாம் பகுதிக்கான என் பங்கையும் தீர்த்துக்கொண்டேன்.

மகள் திரும்பி, “அந்த வாங் மியாவ் எப்படிப்பட்ட ஆளுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்காப்பா?” என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். அவர் எடுத்த புகைப்படங்களிலெல்லாம் எண்கள் இறங்குமுகமாக ஓடியது ஞாபகம் இருக்கிறது. ஆள் ஞாபகத்தில் இல்லை. லியூவின் பலவீனம் அது. எட்டு வருஷமாக அவருக்காக வாதாடியதில் நான் கவனிக்கவே இல்லை.

இரண்டாம் பகுதியின் முடிவில் அந்த இடம் வந்தது. தகப்பனைப் பறிகொடுத்த யே வென்ஜியே, உள் மங்கோலியாவில் மலை உச்சியிலுள்ள ராணுவ ரேடியோ தளத்தில் வேலை பார்க்கிறாள். சூரியனையே ஒலிபெருக்கி போலப் பயன்படுத்தி வானத்துக்கு ஒரு செய்தி அனுப்புகிறாள். போக நான்கு ஆண்டு, வர நான்கு ஆண்டு. பதில் வருகிறது. அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த யாரோ ஒரு நல்ல ஜீவன் எச்சரிக்கிறது: மறுபடி பேசாதே, பேசினால் உன் இடம் தெரிந்துவிடும், இவர்கள் வந்துவிடுவார்கள். அவள் அதைப் படிக்கிறாள். படித்துவிட்டு, வாருங்கள் என்று பதில் அனுப்புகிறாள்.

இளம் வயது வென்ஜியேவாக நடித்திருக்கும் ஸைன் செங்கின் முகத்தில் கோபம் இல்லை, அழுகை இல்லை. ஊருக்குக் கடிதம் எழுதி ஒட்டுகிறவளின் முகம். புத்தகத்தில் இந்த இடத்தை நான் மூளையால் படித்துவிட்டுப் போயிருக்கிறேன்; எட்டு வருஷக் கணக்கு சரியாக வருகிறதா என்று பார்த்திருக்கிறேன். இப்போது காதில் விழுந்தது அம்மா கேட்ட கேள்வி. அந்தப் பிள்ளைக்கு உலகத்தில் யார் இருக்கிறார்கள்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்கு வேண்டியதையெல்லாம் எடுத்துவைத்துவிட்டுப் பதினொரு மணிக்கு மேல் உட்கார்ந்தோம். நான்காம் பகுதியில் விஷயம் வெளியே வருகிறது. அந்த மூன்று சூரிய உலகத்தவர்கள் பூமிக்குப் புறப்பட்டுவிட்டார்கள். ஆனால் வந்து சேர 400 ஆண்டு ஆகும்.

“நானூறு வருஷமா? அதுக்கா இவ்வளவு கலாட்டா?” என்றாள் மகள். எனக்கும் அந்த வயதில் அப்படித்தான் தோன்றியிருக்கும். பாதித் தூக்கத்தில் இருந்த அம்மா, என்ன என்று கேட்டாள். ஆச்சிக்குப் பேத்தி விளக்கினாள்: ஒரு கூட்டம் நம்மை அழிக்க வருது ஆச்சி, ஆனா நாம யாரும் இருக்க மாட்டோம், நம்ம பேரன் பேத்திக்குப் பேரன் பேத்திகூட இருக்க மாட்டாங்க.

அம்மா கண்ணைத் திறக்காமல் சொன்னாள். “தென்னய வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனைய வச்சவன் பாத்துட்டுச் சாவான். அதுக்காகப் பனைய வைக்காம இருந்தாகளாட்டி?”

திருச்செந்தூர்ப் பக்கத்து ஊர் எங்களுடையது. வீட்டுக்குத் தெற்கே வரிசையாகப் பனைகள் நிற்கின்றன. நட்டவர் என் அப்பாவின் தாத்தா என்பார்கள். பதநீர் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். விஞ்ஞானக் கதைகளில் நான் இத்தனை வருஷம் தேடியது தூரத்தை. எத்தனை ஒளியாண்டு, என்ன வேகம் என்பதை. இந்தக் கதையின் விஷயம் தூரம் அல்ல, காலம். தான் இருந்து பார்க்கப்போகாத ஒரு நாளுக்காக மனிதன் இன்றைக்கு எதையாவது செய்வானா என்பது. இது எங்கள் ஊர்ப் பனைக்காரனுக்குத் தெரிந்த கேள்வி. மேடையில் அடித்த பிள்ளைகளும் ஒரு விதையைத்தான் போட்டார்கள். வென்ஜியேவும் போட்டாள். காய்ப்பதைப் பார்க்க அவர்களில் ஒருவரும் இருக்கப்போவதில்லை.

ஐந்தாம் பகுதி, பனாமா கால்வாய். இரு கரைக்கும் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத நானோ இழைகளைக் கட்டி, ஒரு பெரிய கப்பலை அதன் ஊடே வரவிடுகிறார்கள். அவித்த முட்டையை நூலால் அறுப்போமே, அப்படி. நாவலில் இது பொறியாளரின் சந்தோஷத்தோடு எழுதப்பட்ட இடம். இழை இரவில் கட்டுவதா பகலில் கட்டுவதா என்று தர்க்கம் எல்லாம் நடக்கும். தொடரில் கப்பலுக்குள் குழந்தைகள் இருக்கிறார்கள். இழையைக் கண்டுபிடித்த ஆகி என்ற பெண் அதற்குப் பிறகு பழைய ஆகி இல்லை. ‘புத்தகத்தில் இப்படி இல்லை’ என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்தப் பகுதிக்கான பங்கு இன்றுவரை செலவாகாமல் இருக்கிறது.

முடிந்தபோது மணி இரண்டேகால் தாண்டியிருந்தது. மகளை மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நிலா ஏறக்குறைய முழுசாக இருந்தது. அந்த வெளிச்சத்திலும் தெற்கே, பனைகளின் தலைக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு நட்சத்திரங்கள் பளிச்சென்று பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இடது பக்கம் இருப்பதுதான் ஆல்ஃபா செண்டாரி என்று காட்டினேன். வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் அது நிஜமாகவே மூன்று நட்சத்திரக் குடும்பம். மூன்றாவதான பிராக்ஸிமா, மற்ற இரண்டையும் விட்டு வெகுதூரம் தள்ளிச் சுற்றுவதால், லியூ எழுதிய அளவுக்குக் குழப்பம் அங்கே கிடையாது. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ளது அந்தக் குடும்பம்தான். தூரம் நான்கு ஒளியாண்டுக்குச் சற்று அதிகம். கதையில் வருகிறவர்கள் புறப்பட்ட இடம் அதுதான்.

இதில் வேடிக்கை, வென்ஜியே வேலை பார்த்த மலையிலிருந்து அந்த நட்சத்திரம் ஒருநாளும் தெரியாது. பெய்ஜிங்கிலும் தெரியாது, ஆக்ஸ்ஃபோர்டிலும் தெரியாது. அவ்வளவு வடக்கே போய்விட்டால் அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. யாரைக் கூப்பிடுகிறோம் என்று கண்ணால் பார்க்காமலேதான் அவள் கூப்பிட்டாள்.

தொடர் எப்படி என்று கேட்கிறவர்களுக்கு: நட்டு சில இடங்களில் தளர்ந்திருக்கிறது, ஆனால் புத்தகத்தில் இல்லாத முகங்கள் இதில் இருக்கின்றன. பாருங்கள், பிறகு நாவலையும் படியுங்கள். இரண்டுக்கும் நேரம் இல்லாவிட்டால், மே மாதக் கடைசியில் ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு மாடியேறித் தெற்கே பாருங்கள். மேகம் இல்லாவிட்டால் அது அங்கே நிற்கும்.