அன்று தலையாட்டினேன்

மயக்க மருந்து கொடுப்பது என் தொழில். பித்தப்பைக் கல்லுக்காக வந்திருந்த அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். ஆபரேஷனுக்கு முந்தைய மாலை வார்டில் போய்ப் பார்த்தேன். சர்க்கரை உண்டா, வீசிங் உண்டா, ஆடுகிற பல் உண்டா என்று வழக்கமான கேள்விகள். “வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்றதும், “அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார்” என்று மாமியார் முந்திக்கொண்டார். மருமகள் தலையைக் குனிந்து நகத்தைப் பார்த்தார். நான் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டேன்.

அறைக்கு வந்து ஃபைலைப் புரட்டினால், மகப்பேறு டாக்டரின் பழைய சீட்டு ஒன்று. கருத்தடை மாத்திரை, தினம் ஒன்று. வார்டு ஒரு மாடி மேலேதான் இருந்தது. மாமியாரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும், வாய் கூசியது. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாளும் கேட்கவில்லை.

காலையில் அவருக்கு வாந்தியைத் தடுக்கும் அப்ரெபிடன்ட் கேப்ஸ்யூல் கொடுத்தேன். பஸ்ஸில் ஏறினாலே குமட்டும் என்று சொல்லியிருந்தார். இளம் பெண், புகைப்பழக்கம் இல்லை. ஆபரேஷனுக்குப் பின் அதிகம் வாந்தி எடுப்பவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். கருத்தடை மாத்திரை சாப்பிடும் வயதும் அதுதான் என்பது எங்கள் கணக்கில் வருவதில்லை. அப்ரெபிடன்ட் கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிடும். அவை மாத்திரையில் உள்ள ஹார்மோனைச் சீக்கிரம் சிதைத்துவிடும். கடைசி டோஸ் போட்டு 28 நாள் வரை மாத்திரையை மட்டும் நம்பக்கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்ததும் சுகாமாடெக்ஸ் ஊசி. தசைகளைத் தளர்த்தக் கொடுத்த ரோகுரோனியத்தை முறிக்கும் மருந்து இது. ஐரோப்பாவில் 2008-லும் அமெரிக்காவில் 2015-லும் அனுமதி பெற்றது. பழைய நியோஸ்டிக்மினைப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்தவன் நான். இதைப் போட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் நோயாளி தானே மூச்சு விடுவார். எனக்கு மிகவும் பிடித்த மருந்து என்றே சொல்லலாம். சர்க்கரை மூலக்கூறுகளால் ஆன வளையம் அது. ரோகுரோனியம் அதன் குழிக்குள் போய் மாட்டிக்கொள்ளும். கருத்தடை மாத்திரையின் புரோஜெஸ்டோஜன் ஹார்மோனுக்கும் அதே ஸ்டீராய்டு எலும்புக்கூடு என்பதால் அதுவும் கொஞ்சம் மாட்டும். ஒரு நாள் மாத்திரையைத் தவறவிட்டதற்குச் சமம் என்பது ஆய்வுக்கூடக் கணக்கு. கருத்தடை ஊசியோ கையில் இம்ப்ளான்டோ வைத்திருப்பவர்கள் ஏழு நாள் ஆணுறை போன்ற வேறு வழியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். ஜூனியர்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவரை வராந்தாவில் பார்த்தேன். நாள் தள்ளிப்போயிருக்கிறது, ஸ்கேனுக்கு வந்ததாகச் சொன்னார். “ஒழுங்கா மாத்திரை போடத் தெரியலையான்னு அவர் திட்டுறாரு சார். நான்தான் ஒரு நாள் மறந்திருப்பேன் போல.”

நான் தலையாட்டினேன்.

முந்தைய நாள் கேட்காததை வேலைப்பளு, கூச்சம் என்று சொல்லி ஒப்பேற்றலாம். இந்தத் தலையாட்டலுக்கு அப்படி ஒரு சாக்கும் கிடையாது. என் மருந்தால்தான் கரு தங்கியது என்று எவராலும் நிரூபிக்க முடியாது. அவர் உண்மையிலேயே ஒரு நாள் மறந்தும் இருக்கலாம். அந்தச் சந்தேகத்தின் நிழலில் நான் ஒதுங்கிக்கொண்டேன். பழி அவர் தலையில் நின்றது.

இப்போதெல்லாம் உடன் வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்கிறேன். ‘மாத்திரை’ என்று பொதுவாகக் கேட்டால் பலருக்குக் கருத்தடை மாத்திரை ஞாபகத்துக்கு வராது. அவர்களைப் பொறுத்தவரை மாத்திரை என்றால் நோய்க்குச் சாப்பிடுவது. அதனால் கருத்தடை மாத்திரையா, ஊசியா, காப்பர்-டியா என்று பெயர் சொல்லியே கேட்கிறேன். காப்பர்-டியில் ஹார்மோன் இல்லை, பயமில்லை. மற்றவர்களுக்கு எத்தனை நாள் கவனமாக இருக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன்.

அந்தப் பெண்ணின் போன் நம்பர் பழைய ஃபைலில் இருக்கிறது. இன்னும் கூப்பிடவில்லை.