துபாஷி வரவில்லை

‘டிரைவர்’ என்றால் நம் ஊரில் வெகுகாலமாக ஒரே அர்த்தந்தான். கார் ஓட்டுகிறவர், பஸ் ஓட்டுகிறவர், ரயில் என்ஜினிலிருந்து கரி படிந்த முகத்தோடு எட்டிப் பார்த்தவர். “டிரைவர் வரவில்லை” என்று வீட்டில் யாராவது சொன்னால், அன்றைக்குக் கல்யாணத்துக்கு ஆட்டோவில்தான் போக வேண்டும் என்று பொருள். இப்போது வீட்டுக்கு வீடு லாப்டாப் வந்துவிட்டது. அதோடு கண்ணுக்குத் தெரியாத டிரைவர்கள் சிலரும் வந்து குடியேறிவிட்டார்கள். இவர்கள் சம்பளம் கேட்பதில்லை. தீபாவளி இனாமும் கேட்பதில்லை. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் நின்றுவிடுகிறார்கள். இத்தனை நாள் அவர்கள் செய்துவந்த வேலை இன்னதென்று அன்றைக்குத்தான் நமக்குத் தெரிகிறது.

இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் துபாஷி. கம்பெனிக் காலத்தில் சென்னையிலும் புதுச்சேரியிலும் வந்திறங்கிய துரைமார்களுக்கு நம் பாஷை தெரியாது. நம் வியாபாரிகளுக்கோ துரையின் பாஷை தெரியாது. இரண்டும் தெரிந்த ஒருவர் நடுவில் நின்றால்தான் ஒரு மூட்டை துணியாவது கப்பலேறும். அவரே துபாஷி. புதுச்சேரியில் கவர்னர் டூப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கம் பிள்ளை 1736ஆம் ஆண்டிலிருந்து 1761 வரையில் எழுதிவைத்த நாட்குறிப்பைப் புரட்டினால், ஓர் அரசாங்கமே எப்படி ஒரு துபாஷியின் நாக்கில் நடந்தது என்று விளங்கும்.

லாப்டாப்புக்குள்ளும் இதே தர்பார்தான். விண்டோஸ் என்கிற கவர்னர் “இந்தக் கடிதத்தை அனுப்பு” என்று பொதுவாக உத்தரவு போடுகிறார். வைஃபை சில்லுக்கு அந்த பாஷை புரியாது. எந்த அறையில் எந்த எண்ணை வைத்தால் எந்த அலைவரிசை திறக்கும் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். உத்தரவை எண்களாக்கிக் கொடுப்பதும், சில்லு சொல்லும் பதிலைக் கவர்னருக்குப் புரியும்படி எடுத்துரைப்பதும் டிரைவரின் வேலை. துபாஷி படுத்துவிட்டால் கவர்னரும் நலம், சில்லும் நலம். காரியம் மட்டும் நடக்காது.

சில மாதங்களுக்கு முன்னால் எங்கள் அடுத்த வீட்டில் ஒரு துபாஷி படுத்துவிட்டார். அந்த வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பேத்தி பொறியியல் முடித்துவிட்டு ஒன்றரை வருஷமாக வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய தாயார் தையல் வேலை செய்து சேர்த்த பணத்தில் செகண்ட் ஹாண்டாக வாங்கிய லாப்டாப் அது. அன்று மாலை நாலு மணிக்கு அதன் முன்னே உட்கார்ந்து ஒரு கம்பெனியின் நேர்முகத் தேர்வுக்குப் பதில் சொல்ல வேண்டும். காலை பதினொரு மணிக்குப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“மாமா, நேற்று ராத்திரி வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. காலையில் திறந்தால் வைஃபை அடையாளமே இல்லை. புளூடூத்தும் காணோம்.”

நடந்தது இதுதான். இரவு எல்லோரும் தூங்கியபோது பெட்டி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. கவர்னருக்குப் புது உடுப்பு, புதுச் சட்டங்கள். கூடவே ஒரு புதுத் துபாஷியும் வந்திருக்கிறார். வந்தவருக்கு இந்த ஊர்ச் சில்லின் பேச்சு பிடிபடவில்லை.

“என் பெட்டியை எடுத்துக்கொண்டு போயேன் அம்மா” என்றேன். அது நடக்காதாம். தேர்வு நடத்தும் கம்பெனி சொன்ன மென்பொருளை இரண்டு நாள் முன்பே இந்தப் பெட்டியில் ஏற்றிப் பதிவு செய்தாகிவிட்டது. வேறு பெட்டி செல்லாது. புளூடூத் எதற்கு என்று கேட்டேன். பெட்டியின் சொந்த ஒலிவாங்கி ஊமை. காதில் மாட்டும் புளூடூத் கருவியில்தான் பேச வேண்டும் என்றாள். ஆகவே இரண்டு துபாஷிகளும் நாலு மணிக்குள் எழுந்து உட்கார்ந்தாக வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் சிறு கடை வைத்திருக்கும் ஒரு தம்பி எனக்குப் பழக்கம். போனில் கூப்பிட்டேன். பாக்கிச் சோதனையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல நாங்கள் செய்தது.

“முதல்ல அந்த வீட்டு போன்ல வைஃபை வருதான்னு பாருங்க ஸார்” என்றார். வந்தது. அப்படியானால் சுவரில் மாட்டியிருக்கும் ரௌட்டர் நிரபராதி. ஏர்ப்ளேன் மோட் தவறுதலாக விழுந்திருக்கிறதா? இல்லை. “சரி, ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஷட் டவுன் இல்லை, ரீஸ்டார்ட்!” என்று அழுத்திச் சொன்னார். இரண்டுக்கும் என்ன பேதம் என்று கேட்டதற்கு அவர் தந்த விளக்கம் ஸ்வாரஸ்யமானது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, ஷட் டவுன் என்றால் பெரும்பாலும் முழுத் தூக்கம் கிடையாதாம். மறுநாள் சீக்கிரம் எழுந்திருப்பதற்காகத் தன் நினைவில் ஒரு பகுதியை எழுதிவைத்துக்கொண்டுதான் பெட்டி படுக்கிறது. படுத்த துபாஷி அதே ஜுரத்தோடு எழுந்திருப்பார். ரீஸ்டார்ட் என்றால் எல்லோரும் குளித்து முழுகிப் புதிதாக வேலைக்கு வர வேண்டும்.

குளித்து முழுகியும் குணமில்லை. டிவைஸ் மானேஜர் என்ற ஆஜர்ப் பட்டியலைத் திறந்தோம். வைஃபையின் பெயருக்கு அருகே ஒரு சின்ன மஞ்சள் முக்கோணம். உள்ளே போய்ப் பார்த்தால் ‘இந்தக் கருவியைத் துவக்க முடியவில்லை, கோட் 10’ என்ற வாசகம். புளூடூத் என்ற தலைப்பே பட்டியலில் இல்லை. பழைய டிரைவரைத் திரும்ப அழைக்க ‘ரோல் பேக் டிரைவர்’ என்று ஒரு பொத்தான் உண்டு. ஆனால் பழையவரின் விலாசம் பெட்டியில் இருந்தால்தான் அது வேலை செய்யும். இங்கே அது சாம்பல் பூத்துக் கிடந்தது.

“அப்ப லாப்டாப் கம்பெனியோட தளத்துக்குப் போய் டிரைவரை இறக்கணும் ஸார்.”

இறக்குவதற்கு இணையம் வேண்டும். இணையம் வருவதற்கு டிரைவர் வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தது இதைத்தான் போலும்!

இதுவரை சுவரோரம் பேசாமல் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “முப்பத்தாறு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தேன். இன்றைக்கு என் பேத்திக்கு உதவ ஒரு வரி எனக்குத் தெரியவில்லையே” என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

வழியைத் தம்பியே காட்டினார். தாயாரின் கைபேசியை யூஎஸ்பி ஒயரால் பெட்டியோடு இணைத்து, ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதைத் தொட்டால் கைபேசியே பெட்டிக்குப் பாலமாகிவிடும். அந்தப் பாலத்துக்கு வேண்டிய டிரைவர் விண்டோஸில் பிறவியிலேயே இருக்கிறது. அப்படியானால் தேர்வையும் அதிலேயே நடத்திவிடலாமே என்று தோன்றும். அந்தக் கைபேசியின் துவாரம் தேய்ந்துபோயிருந்தது. மேஜையில் யாராவது கை வைத்தால் தொடர்பு அறுந்தது. பத்து நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு டிரைவரை இறக்கலாம். ஒரு மணி நேரம் நேர்முகத் தேர்வுக்கு உட்கார முடியாது.

பெட்டியைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த மாடல் எண்ணை எழுதிக்கொண்டோம். அந்த எண்ணுக்கும், பெட்டியில் இருந்த விண்டோஸுக்கும் பொருத்தமான டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலேயே தேடினோம். “எல்லா டிரைவரையும் ஒரே நொடியில் சரி செய்து தருகிறோம்” என்று நடுவில் குறுக்கிட்ட விளம்பரங்களைத் தம்பி தொடவே விடவில்லை. அவை சந்தையில் மூலிகை விற்கிறவர்கள் போல. வியாதி தீருகிறதோ இல்லையோ, வேறு வியாதி நிச்சயம் என்றார். பிறகு மஞ்சள் முக்கோணக்காரரை, அவர் கொண்டுவந்த மூட்டை முடிச்சோடு, அதாவது டிரைவர் மென்பொருளையும் சேர்த்து நீக்கு என்ற கட்டத்தில் குறியிட்டு, வெளியே அனுப்பினோம். புதிதாக இறக்கியதை ஏற்றி மறுபடி ரீஸ்டார்ட். மணி ஒன்றரைக்கு வைஃபை அடையாளம் தெருவிளக்குப் போல் எரிந்தது.

புளூடூத் மட்டும் வரவில்லை. அதன் டிரைவரையும் ஏற்றிப் பார்த்தோம். ஆளே இல்லாத வீட்டுக்குத் துபாஷி போய் என்ன பேசுவார்? இங்கேதான் ஒரு நுட்பமான விஷயம் தெரியவந்தது. இந்தக் காலத்து லாப்டாப்பில் வைஃபையும் புளூடூத்தும் அநேகமாக ஒரே அட்டையில் குடியிருக்கின்றன. ஆனால் ஒரே வீட்டில் இரண்டு வாசல். வைஃபை பிசிஐ என்ற பாதை வழியாகப் பெட்டியோடு பேசும். புளூடூத் பெரும்பாலும் உள்ளேயே யூஎஸ்பி பாதை வழியாகப் பேசும். ஒரு வாசல் திறந்திருக்க, இன்னொன்று தாழிட்டுக்கொள்ளலாம்.

“ஷிஃப்ட்டை அழுத்திக்கிட்டே ஷட் டவுன் பண்ணுங்க ஸார், அதுதான் முழுசா அணைக்கிறது. சார்ஜரைப் பிடுங்கிடுங்க. பவர் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடிங்க.” அட்டையில் தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்தால் அது தன் பழைய பிடிவாதத்தை மறந்துவிடுமாம். பேத்தி பொத்தானை அழுத்தினாள். தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்து முப்பது எண்ணினார், வகுப்பில் எண்ணுவது போலவே உரக்க. பெட்டி விழித்தெழுந்தபோது பட்டியலில் புளூடூத் உட்கார்ந்திருந்தது. காதுக்கருவியின் பழைய பதிவை நீக்கி மறுபடி ஜோடி சேர்த்தோம். மின்சாரத்தைச் சேமிப்பதற்காக வைஃபை அட்டையைப் பெட்டி தானே அணைக்கலாம் என்றிருந்த அனுமதியையும் ரத்து செய்தோம். அப்போது மணி மூன்று. நாலு மணிக்கு அந்த வீட்டுக் கதவு சாத்தியது.

அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வேறொன்று கிடைத்தது. ஆனால் கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தோற்பது வேறு. கேள்வி காதில் விழாமலே தோற்பது வேறு. முதலாவது வாழ்க்கை. இரண்டாவது அநியாயம்.

புளூடூத் என்ற பெயரிலேயே ஒரு துபாஷித்தனம் இருப்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அது பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்ற அரசரின் பட்டப்பெயர். ‘நீலப்பல்’ என்று அர்த்தம். டென்மார்க்கையும் நார்வேயையும் ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்தவர் என்று அவருக்குக் கீர்த்தி. எரிக்ஸன் கம்பெனியின் ஸ்வென் மாட்டிசன், இன்டெல் கம்பெனியின் ஜிம் கார்டாக் என்ற இரண்டு என்ஜினீயர்களின் சம்பாஷணையில், பிரான்ஸ் பெங்ட்ஸன் எழுதிய சரித்திர நாவல் ஒன்று அடிபட்டதாம். அதன் விளைவாக 1997இல் கார்டாக் இந்தப் பெயரை முன்மொழிந்தார். தற்காலிகமாக வைத்த பெயர் நிரந்தரமாயிற்று. நாவல் எழுதுகிறவர்களால் உலகத்துக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு இனி என்னிடம் ஒரு பதில் உண்டு!

இன்னொரு கதையும் உண்டு. லினக்ஸ் என்ற இலவசக் கவர்னருக்கு, பிராட்காம் சில்லுகளோடு பேச வெகுகாலம் துபாஷியே இல்லை. சில்லின் பாஷைக்கு இலக்கண நூலும் வெளியாகவில்லை. தன்னார்வலர்கள் சிலர் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். ஓர் அணி வேறோர் அமைப்புக்கான டிரைவரை ஆராய்ந்து, சில்லிடம் அது என்ன பேசுகிறது என்று குறிப்பெடுத்தது. மற்ற அணி அந்தக் குறிப்பை மட்டும் படித்துப் புது டிரைவரை எழுதியது. 2006இல் அது லினக்ஸில் சேர்ந்தது. 2010இல் அந்தக் கம்பெனியே தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்கு எல்லோரும் படிக்கும்படியான டிரைவரை வெளியிட்டது.

நூலாசிரியரின் பெயர் அட்டையில் இருக்கும். மொழிபெயர்த்தவரின் பெயர் உள்ளே பொடி எழுத்தில் இருக்கும். டிரைவர் எழுதியவரின் பெயரோ நம்மில் எவர் கண்ணிலும் படுவதில்லை. நம் பேரன் பேத்திகளின் குரல் கடல் கடந்து நம் காதுக்கு வருகிறதென்றால், நடுவில் முகம் தெரியாத யாரோ ஒருவர் இரண்டு பாஷையும் கற்றுக்கொண்டு நிற்கிறார் என்று அர்த்தம். அவர் ஒரு நாள் படுத்துவிட்டால் கோபித்துக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. எழுந்து நடமாடுகிற நாட்களில் ஒரு தடவையாவது அவரை நினைத்துக்கொள்வது நமக்கு அழகு.