எம்டன் ஊரில் மூன்று கோப்பைத் தேநீர்

பள்ளிக்கூட உபாத்தியாயருக்குக் கால அட்டவணையே வேதம். மணி அடித்தால் கணக்கு. மறுபடி அடித்தால் சரித்திரம். இடையில் எந்தப் பையனாவது சந்தேகம் கேட்டால், "அடுத்த வகுப்பில் பார்க்கலாம்" என்பது நாம் இருபது வருஷமாக உச்சரித்து வரும் மந்திரம். ஆகவே, சென்ற கோடை விடுமுறையில் ஜெர்மனியின் வடபாகத்தைச் சுற்றிப் பார்ப்பதென்று முடிவானதும், நாம் முதலில் செய்த காரியம் ஒரு முழுத்தாளில் கட்டம் போட்டதுதான். எட்டு நாள், பதினோரு ஊர். சாப்பாட்டுக்கு அரை மணி கொடுத்திருந்தோம்.

ஹாம்பர்க் நகரில் உத்தியோகம் பார்க்கும் நம் தம்பி ஒரு வண்டியை வாடகைக்கு அமர்த்தி வைத்திருந்தான். அதற்குக் 'கேம்பர்வேன்' என்று பெயர். வெளியே பார்த்தால் சாமான் ஏற்றும் வண்டி. உள்ளே அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மடக்கினால் படுக்கையாகும் பெஞ்சுகள் எல்லாம் உண்டு. நம் இல்லத்தரசி உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு, "இதில் ஒருவர் தோசை வார்த்தால் மற்ற மூவரும் கீழே இறங்க வேண்டும்" என்று தீர்ப்புச் சொன்னாள். நல்ல வேளையாக அந்நாட்டில் ஊர்தோறும் இத்தகைய வண்டிகள் இரவு தங்குவதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இறங்கி நிற்க இடத்துக்குப் பஞ்சமில்லை.

நம் கட்டங்களைத் தம்பி வாங்கிப் பார்த்தான். "சரி, அண்ணா" என்றான்.

அந்தச் 'சரி, அண்ணா'வைப் பற்றி நேயர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். 2020-ஆம் வருஷம் மே மாதம் நம் தகப்பனார் காலமானார். தொற்றுநோயினால் அப்போது வெளிநாட்டு விமானப் போக்குவரத்து நின்றிருந்தது. தம்பி தகப்பனாரின் கடைசி யாத்திரையைக் கைப்பேசித் திரையில்தான் தரிசித்தான். பிறகு விமானங்கள் பறந்தன, அவன் வரவில்லை. ஏன் என்று நாம் கேட்கவுமில்லை. அதற்குப் பின் நாம் எதைச் சொன்னாலும் அவனிடமிருந்து வந்த பதில் 'சரி, அண்ணா' ஒன்றுதான். இந்தப் பிரயாணத்தை ஏற்பாடு செய்தவள் நம் பதினான்கு வயதுப் புதல்வி. "நீங்களும் சித்தப்பாவும் பேசாவிட்டால் போகிறது, ஒரே வண்டியில் உட்கார்ந்திருங்கள்" என்றாள்.

முதல் நாளே அட்டவணைக்கு ஆபத்து வந்தது. லூபெக் நகருக்குப் பிரியும் இடத்தை, வழி சொல்லும் பொறுப்பிலிருந்த நாமே தவறவிட்டோம். 'ஆட்டோபான்' என்ற பெருஞ்சாலையில் தவறினால் நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. ஒரு மணி நேரத்தில் வண்டி லூனெபுர்க் என்னும் ஊரில் வந்து நின்றது.

அது உப்பினால் வாழ்ந்த ஊர். பூமிக்கடியிலிருந்து உப்பு நீரை இறைத்து, ஈயக் கொப்பரைகளில் காய்ச்சி, ஆயிரம் வருஷத்துக்கு மேல் உப்பு எடுத்திருக்கிறார்கள். 1980-இல்தான் அந்த ஆலையை மூடினார்கள். இப்போது அது காட்சிசாலை. அந்த உப்பு வடக்கே லூபெக் துறைமுகத்துக்குப் போயிற்று, மீனைக் கெடாமல் காத்தது, வணிகர்களைக் கோடீசுவரர்களாக்கிற்று. வேதாரணியம் கண்ட நம்மவர்களுக்கு உப்பின் மகிமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அடியில் இருந்ததையெல்லாம் எடுத்த பிறகு மேலே உள்ளது சும்மா இருக்குமா? சில தெருக்களில் தரை அமிழ்ந்துவிட்டது. வீடுகள் வயிறு தள்ளியும் தோள் சாய்ந்தும் நிற்கின்றன. "வெளியே தெரிய எத்தனை வருஷம் ஆகிறது, பாருங்கள்!" என்றாள் இல்லத்தரசி. அவள் வீடுகளைப் பற்றித்தான் சொன்னாள் என்று நாம் எடுத்துக்கொண்டோம்.

அங்கிருந்து பழைய உப்புப் பாதையிலேயே வடக்கே சென்றோம். மோல்ன் என்ற சிற்றூரில் புதல்வி வண்டியை நிறுத்தச் சொன்னாள். டில் ஒய்லென்ஷ்பீகல் என்னும் கோமாளி 1350-இல் அங்கே இறந்ததாக ஐதிகம். நம் தெனாலிராமனுக்கு உறவுமுறை என்று சொல்லத்தக்கவன். அவனுடைய வெண்கலச் சிலையின் கட்டைவிரலைத் தேய்த்தால் அதிர்ஷ்டமாம்; எல்லோரும் தேய்த்துத் தேய்த்து அது பொன்போல் மின்னுகிறது. நாமும் தேய்த்தோம். அட்டவணையில் அதற்கு இடமில்லை.

லூபெக்கைத் தாண்டிக் கிழக்கே போகையில், சாலையோரம் ஒரு பழுப்புப் பலகை தென்பட்டது. 1989 நவம்பர் வரையில் ஜெர்மனியும் ஐரோப்பாவும் அவ்விடத்தில் பிரிந்திருந்தன என்பது அதன் செய்தி. தம்பி யாரையும் கேட்காமல் வண்டியை ஓரங்கட்டினான். முள்வேலியும் காவல் கோபுரமும் இருந்த நிலத்தில் இப்போது புல்லும் மரமும் வளர்ந்திருந்தன. ஏதோ ஒரு குருவி விடாமல் கூவிக்கொண்டிருந்தது. தம்பி வெகு நேரம் நின்றான். நாமும் சற்றுத் தள்ளி நின்றோம். ஒருவரும் பேசவில்லை.

ஆறாம் நாள் மேற்கே திரும்பி வடகடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். பலத்த மழை. "அப்பா, எம்டன்!" என்று புதல்வி கத்தினாள். ஆம், ஊர்ப் பெயர்ப் பலகைதான்! இந்த ஊரின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல்தான் 1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. பயந்த ஜனங்கள் பட்டணத்தை விட்டு ஓடினார்கள். 'எம்டன்' என்பது கெட்டிக்காரனுக்கும் போக்கிரிக்கும் பொதுவான தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது.

"அப்பா என்னை அப்படித்தானே கூப்பிடுவார்" என்றான் தம்பி. அவனாக நம்மிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

வண்டியை ஊருக்குள் விட்டோம். நமக்கு இருந்த பழைய கோபம் அங்கே நிற்கவில்லை. 1944 செப்டம்பர் 6-ஆம் தேதி விமானக் குண்டுகள் அந்நகரின் நடுப்பகுதியைப் பெரும்பாலும் சாம்பலாக்கிவிட்டன. இப்போதுள்ள வீடுகளில் அநேகம் அதற்குப் பின் கட்டியவை. ஜனங்கள் ஒளிந்திருந்த பருத்த கான்கிரீட் காப்பறைகள் இன்னும் தெருக்களிடையே நிற்கின்றன.

மழைக்கு ஒதுங்கித் தேநீர்க் கடை ஒன்றில் நுழைந்தோம். அந்தப் பிராந்தியத்தார் தேநீர்ப் பிரியர்கள். கோப்பையில் ஒரு கற்கண்டுக் கட்டி. அதன்மேல் கொதிக்கும் தேநீர். கற்கண்டு படபடவென்று வெடிக்கிறது. பிறகு விளிம்போரம் ஒரு கரண்டிப் பாலேடு. கலக்கக் கூடாது. மூன்று கோப்பை அருந்துவது சம்பிரதாயம். போதுமென்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைக்க வேண்டும். இல்லையேல் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

இல்லத்தரசியும் புதல்வியும் முதல் கோப்பையோடு எழுந்து ஜன்னல் பக்கம் போனார்கள். இரண்டாவது கோப்பையில் நாம் கேட்டுவிட்டோம்: "ஏன் நீ வரவில்லை?"

தம்பி கைப்பேசியை எடுத்து நம்முன் வைத்தான். தகப்பனார் காலமான பத்தாம் நாள் நாம் அவனுக்கு எழுதிய வரி அதில் இருந்தது: 'பணம் அனுப்புகிறவனெல்லாம் மகன் ஆகிவிட முடியாது.'

"இதற்குப் பிறகு எந்த முகத்தோடு வருவது, அண்ணா?" என்றான்.

நாம் அதை எழுதியதையே மறந்திருந்தோம். பிறர் பிழையைச் சிவப்பு மையால் சுழித்தே காலம் தள்ளிய நமக்கு, நம் கையெழுத்தில் இருந்த பிழை இத்தனை வருஷம் கண்ணில் படவில்லை. "தப்பு என்னுடையதுதானடா" என்றோம். தம்பியிடம் நாம் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. அவன் பதில் சொல்லவில்லை. கூஜாவை எடுத்து நம் கோப்பையில் மூன்றாம் முறை ஊற்றினான். அடியில் கிடந்த கற்கண்டு கரைந்து, அந்தக் கோப்பைதான் நன்றாய் இனித்தது.

வெளியே வந்தபோது இரவு எட்டு மணி. வெளிச்சம் இன்னும் போகவில்லை. அன்று பார்க்க வேண்டியிருந்த கடற்கரை பார்க்காமலே போயிற்று. பதினோரு ஊரில் ஆறு ஊர்தான் பார்த்தோம். கட்டம் போட்ட தாளில் இல்லத்தரசி மீதிக் கற்கண்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டாள்.

தகப்பனாரின் அடுத்த திதிக்குத் தம்பி டிக்கெட் வாங்கிவிட்டான். சென்னைக்கு மறுபடியும் எம்டன் வருகிறது. இந்தத் தடவை ஒருவரும் ஊரை விட்டு ஓடப் போவதில்லை.